நரியைப் பார்த்தது யார்?

(தலைப்பு: குழந்தையின் மனத்தை வளர்ப்பது பாடப் புத்தகமா, படக்கதைப் புத்தகமா? ‘படக்கதைப் புத்தகமே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரே காகிதமும் பேனாவுமாக, நான் எங்கே சறுக்குவேன் என்று காத்திருக்கிற அருமை நண்பர்களே! அரங்கம் நிறைய வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் ஒரு கையில் இட்லித் தட்டும் இன்னொரு கையில் ரிமோட்டுமாக உட்கார்ந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே! எல்லோருக்கும் என் பணிவான வணக்கம். தட்டு இருக்கட்டும். அந்த ரிமோட்டை மட்டும் ஒரு 15 நிமிஷம் கீழே வச்சிடுங்க. (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசினார் நம்ம வங்கி அதிகாரி அண்ணன். என்ன வேகம்! “பொம்மை பார்க்கிறதுக்கா பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புறோம்? ஃபீஸ் கட்டுறோம் சார், ஃபீஸ்!” என்று மேஜையைத் தட்டினார். அவர் தட்டின தட்டில் என் தண்ணீர் டம்ளர் நகர்ந்துபோய் நடுவர் பக்கம் நின்றது. அண்ணே, ஒரு சின்ன சந்தேகம். நான் செக் கொண்டு வந்து உங்க கவுண்டரில் நீட்டுகிறேன். நீங்க கையெழுத்தைச் சரிபார்க்கிறீங்க. அது எழுத்தைப் படிக்கிறதா, படத்தைப் பார்க்கிறதா? என் கையெழுத்தில் ஒரு எழுத்துகூட விளங்காது. அதில் என் பேர்தான் இருக்குன்னு எனக்கே நிச்சயம் கிடையாது. அந்த வளைவையும் சுழியையும் பார்த்துத்தானே காசை எண்ணிக் கொடுக்கிறீங்க? ஆக, பொம்மை பார்த்தே சம்பளம் வாங்குகிற ஒருத்தர், பொம்மை பார்க்கக்கூடாதுன்னு பேசிவிட்டுப் போயிருக்கார். (பலத்த கைதட்டல்)

படிப்பு என்றால் எழுத்தைப் படிப்பது மட்டும்தான் என்று எதிரணி நினைத்துக்கொண்டிருக்கிறது. எங்க வீட்டுக்கு ஒரு நாள் வாங்க. சாயங்காலம் பையோடு உள்ளே நுழைகிறேன். ஒரு வார்த்தை பேசவில்லை. என் வீட்டுக்கார அம்மா தலையை நிமிர்த்தி என் முகத்தை ஒரு பார்வை பார்க்கிறார். “கொத்தமல்லி மறந்துட்டீங்களா?” (சிரிப்பு) ஐயா, என் முகத்தில் கொத்தமல்லின்னு எழுதியா இருக்கு? முப்பது வருஷமாகப் படித்த புத்தகம், அட்டையைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்குன்னு தெரிகிறது. நம் எல்லோருக்கும் முதல் படிப்பு அதுதான். பிறந்த குழந்தை முதலில் படிக்கிறது அம்மா முகத்தை. அ, ஆ எல்லாம் நாலஞ்சு வருஷம் கழித்து வருகிற சமாச்சாரம்.

இது நேற்று வந்த வெளிநாட்டு மோகம் என்றும் ஒருத்தர் சொன்னார். வெளிநாடு என்பது சரி. நேற்று என்பது தப்பு. 1658-ல் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் கொமேனியஸ் என்ற பெரியவர் ஒரு புத்தகம் போட்டார். லத்தீன் கற்கிற பிள்ளைகளுக்காக. பக்கத்துக்கு ஒரு படம். படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண். அதே எண் கீழே வாசகத்திலும் இருக்கும். பிள்ளை எண்ணைப் பார்த்து, பொருளைப் பார்த்து, சொல்லைத் தெரிந்துகொள்ளும். அதற்கு முன்னால் லத்தீன் உள்ளே போனது பிரம்பின் வழியாக. இவர் கண் வழியாக அனுப்பினார்.

ஆனால் நான் இன்றைக்குப் பேச வந்தது அந்த மாதிரிப் படத்தைப் பற்றி இல்லை. அது பாடத்துக்குப் படம். ‘அணில்’ என்று எழுதி, மேலே ஒரு அணில். அதை எதிரணியே வச்சுக்கட்டும், நான் விட்டுக்கொடுத்துவிடுகிறேன். நல்ல படக்கதைப் புத்தகத்தில் நடப்பது வேறு. எழுத்து ஒன்றைச் சொல்லும்; படம் எழுத்து சொல்லாததைச் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் காலியாக இருக்கும். அந்த இடத்தில் குழந்தை ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

புரியலையே என்று நடுவர் புருவத்தைத் தூக்குகிறார். ஒரு புத்தகம் சொல்கிறேன். இங்கிலாந்தில் பேட் ஹட்சின்ஸ் என்று ஒரு அம்மா, 1968-ல் ஒரு படக்கதை வெளியிட்டார். ரோஸி என்று ஒரு கோழி உலாவப் போகிற கதை. ஆங்கிலத்தில் மொத்தமே 32 வார்த்தை. 32 பக்கம் இல்லைங்க, 32 வார்த்தை. நான் நடுவருக்கு வணக்கம் சொன்னதே அதைவிட நீளம். கதை என்ன? ரோஸி முற்றத்தைக் கடந்து போனாள், குளத்தைச் சுற்றினாள், வைக்கோல் போரைத் தாண்டினாள், மாவு மில் பக்கமாக நடந்தாள், வேலிக்குள் நுழைந்தாள், தேன்கூட்டுப் பெட்டிகளுக்கு அடியில் புகுந்தாள், சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தாள். அவ்வளவுதான். இதில் என்ன கதை இருக்கிறது? நம்ம பஸ்ஸில் போனால் நடத்துநர் நிறுத்தம் நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவாரே, அந்த மாதிரி இருக்கிறது!

படத்தைப் பாருங்க. கோழிக்குப் பின்னாலேயே ஒரு நரி! எழுத்தில் நரி என்ற சொல்லே கிடையாது, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும். படத்தில் நரி பாய்கிறது. முற்றத்தில் கிடக்கிற வாருகோலை மிதித்து, அதன் காம்பு எழும்பி மூக்கிலேயே அடி வாங்குகிறது. அப்புறம் குளத்தில் விழுகிறது. வைக்கோலில் புதைகிறது. மில்லில் மாவு மூட்டை கொட்டி வெள்ளையாகிறது. கடைசியில் ஒரு வண்டியில் விழுந்து, அந்த வண்டி ஓடிப்போய்த் தேன்கூட்டுப் பெட்டிகளில் இடித்து, தேனீ துரத்த ஓடியே போகிறது. கோழி திரும்பிப் பார்க்கவே இல்லை. அதற்குத் தெரிந்ததா, தெரியாமல் நடிக்கிறதா? புத்தகம் சொல்லாது.

எங்க ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை காலையில் கதை நேரம் வைத்திருக்கிறோம். நாலு வயதிலிருந்து எட்டு வயது வரைக்கும் ஒரு இருபது பிள்ளைகள் பாயில் உட்காரும். நான் முக்காலியில். நான் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியவன், டாக்டர் பட்டம் வாங்கியவன். அங்கே எனக்குப் பேர் ‘கதைத் தாத்தா’. ஐம்பத்தாறு வயசுதான் ஆகுது, தாத்தாவாம். (சிரிப்பு) போகட்டும். அந்த ஆங்கிலப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு தமிழில் சொல்கிறேன். “ரோஸி முற்றத்தைக் கடந்து போனாள்.” சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன். ஒரு வினாடி, இரண்டு வினாடி. ஒரு பொடியன் எழுந்து நின்றுவிட்டான். “தாத்தா! பின்னாடி நரி!” நான், “எங்கே? இதில் எழுதலையே” என்றேன். அவ்வளவுதான், இருபதும் பாயை விட்டு எழுந்துவிட்டது. “இதோ தாத்தா! இங்கே பாரு! கண்ணு தெரியலையா உனக்கு?” எனக்குக் கண்ணாடி போட்டுவிடக்கூட ஒரு பெண் தயாராக இருந்தாள்.

அந்த இருபது பேரில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் ஆறேழு பேர்தான். ஆனால் கதை அந்த இருபது பேருக்கும் தெரியும். படிக்கத் தெரிந்த தாத்தாவுக்குத்தான் தெரியவில்லை! யோசித்துப் பாருங்க, தாய்மார்களே. தினமும் வகுப்பில் எல்லாம் தெரிந்தவர் வாத்தியார், ஒன்றும் தெரியாதது பிள்ளை. அன்றைக்கு ஒரு நாள் அது தலைகீழாகிறது. அந்தப் பிள்ளை எப்படிப் பேசாமல் இருக்கும்?

நான் தமிழ் வாத்தியார். எனக்கு இன்னொன்றும் தோன்றியது. சங்கப் பாட்டில் உள்ளுறை என்று ஒன்று உண்டு. தோழி தலைவனிடம் நேராகச் சொல்ல மாட்டாள். மலையைச் சொல்வாள், மந்தியைச் சொல்வாள், பலாப் பழத்தைச் சொல்வாள். கேட்கிறவன் அதற்குள் இருக்கிற இன்னொன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எம்.ஏ. மாணவர்களுக்கு அதை விளக்க எனக்கு ஒரு வாரம் பிடிக்கும். ஒரு வாரம் கழித்தும் கடைசி பெஞ்ச் தம்பி, “ஐயா, பலாப்பழம் எதுக்கு வந்தது?” என்பான். (சிரிப்பு) சொல்லில் இல்லாததைக் கண்டுபிடிக்கிற அந்த வித்தையை, பாயில் உட்கார்ந்த நாலு வயதுப் பிள்ளை செய்துகாட்டிவிட்டது. அதுக்கப்புறம் நானே வகுப்பில் உள்ளுறை எடுக்கும்போது அந்தக் கோழிப் புத்தகத்தைத்தான் முதலில் காட்டுகிறேன். துறைத்தலைவர் ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பேசாமல் போய்விட்டார்.

இங்கே எதிரணியின் தலைமையாசிரியை அம்மா ஒரு கேள்வி கேட்டார்கள். நியாயமான கேள்வி. “45 பிள்ளைகளை வச்சுக்கிட்டு, ஒரு புத்தகத்தை வச்சு, நான் யாருக்குக் காட்டுறது? வகுப்பு சந்தைக்கடை ஆயிடாதா? போர்ஷனை யார் முடிக்கிறது?” அம்மா, உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். குஜராத்தில் கிஜுபாய் பதேக்கா என்று ஒரு கல்வியாளர். அவர் எழுதிய ஒரு புத்தகம் தமிழிலும் ‘பகல் கனவு’ என்று வந்திருக்கிறது. அதில் வருகிற வாத்தியார் முதல் நாள் பிள்ளைகளை அமைதியாக உட்காரச் சொல்லி ஒரு பயிற்சி வைப்பார். வகுப்பு அமளிதுமளி ஆகும். அவருக்கே வெட்கமாகப் போய்விடும். மறுநாள் ஒரு கதையை ஆரம்பிப்பார். அப்புறம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதுதான் கஷ்டம். அம்மா, சத்தம் வரும். ஆனால் அது “சார், நரி!” என்கிற சத்தம். அது பாடத்தைப் பற்றிய சத்தம்.

45 பேருக்கும் ஒரே நேரத்தில் காட்டவேண்டாம். பதினைந்து பதினைந்தாக அரைவட்டத்தில் உட்காரவையுங்கள். மீதிப் பேர் படம் வரையட்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை ஒன்றாம் வகுப்புக்குப் படிக்கவிடுங்கள், இரண்டு பேருக்கும் லாபம். புத்தகத்தை உங்க முகத்துக்கு நேரே பிடிக்காதீங்க, பிள்ளை முகத்துக்கு நேரே பிடியுங்க. நம்மில் பாதிப் பேர் அங்கேயே தப்பு செய்கிறோம். வாத்தியார் படத்தை ரசிக்கிறார். பிள்ளை அட்டையின் விலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. (சிரிப்பு) பக்கத்தைத் திருப்பினதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் கஷ்டமான வேலை அதுதான், பட்டிமன்றக்காரன் பாருங்க. முடித்ததும், “இந்தக் கதையால் அறியப்படும் நீதி யாது?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஓடிய நரி திரும்ப வந்து நம்மைக் கடித்துவிடும்.

எப்படிப் படித்துக் காட்டுகிறோம் என்பது அவ்வளவு முக்கியமா என்றால், முக்கியம். அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியல் அறிஞரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1988-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று வயது முடியாத குழந்தைகள். ஒரே ஒரு மாதம். எல்லாப் பெற்றோரும் படக்கதைப் புத்தகம் படித்துத்தான் காட்டினார்கள். ஒரு பிரிவுப் பெற்றோருக்கு மட்டும் சின்னப் பயிற்சி கொடுத்தார்கள். நீங்களே படித்துக்கொண்டு போகாதீங்க. ‘ஆமா, இல்லை’ என்று முடிகிற கேள்வியைக் கேட்காதீங்க. ‘இங்கே என்ன நடக்குது?’ என்று கேளுங்க. பிள்ளை சொன்னதை வாங்கி இன்னும் ரெண்டு சொல் சேர்த்துத் திருப்பிக் கொடுங்க. பிள்ளை ‘நாய்’ என்றால், ‘ஆமா, நனைஞ்சுபோன நாய்’ என்று. மாதக் கடைசியில் சோதித்தபோது அந்தப் பிரிவுப் பிள்ளைகள் பேச்சில் முந்தியிருந்தார்கள். புத்தகம் படிப்பதில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. யார் அதிகம் பேசினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

‘எங்க பாட்டி படமே இல்லாமல் கதை சொன்னாங்க. படம் காட்டினால் கற்பனை செத்துப்போகும்’ என்று எதிரணித் தலைவர் உருகினார். உங்க பாட்டிக்கு என் நமஸ்காரம். ஆனால் அந்தப் பாட்டி முதன்முதலில் உங்களுக்குச் சோறு ஊட்டினபோது என்ன செய்தாங்க? இடுப்பில் தூக்கி வச்சுக்கிட்டு, விரலை நீட்டி, “அதோ பாரு நிலா!” இதற்கு நம் இலக்கியத்தில் ஒரு பருவமே இருக்கிறது. பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம். நிலாவை விளையாட வா என்று கூப்பிடுவது. விரல் ஒன்று, பார்க்கிற கண் இரண்டு ஜோடி, சொல் ஒன்று. ‘அதோ நிலா’. படக்கதைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ‘இதோ நரி’ என்பதும் அதேதான். வானத்தில் இருந்ததைக் காகிதத்தில் இறக்கியிருக்கிறார்கள்.

இன்னும் வேணுமா? திருவாரூர் போங்க. தியாகராசர் கோயிலில் தேவாசிரிய மண்டபம். அண்ணாந்து பார்த்தால் விதானம் முழுக்க முசுகுந்தச் சக்கரவர்த்தி கதை. சுமார் 300 வருஷத்துக்கு முந்தின ஓவியம். காட்சிக்குக் காட்சி கீழே தமிழில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். எழுத்துத் தெரிந்த ஒருத்தர் அண்ணாந்து வாசித்திருப்பார். தெரியாத பத்துப் பேர் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். அண்ணாச்சி, அது என்னவாம்? கூரையில் ஒட்டின படக்கதைப் புத்தகம் இல்லையா? கழுத்துதான் வலிக்கும், கற்பனை சாகாது. (கைதட்டல்)

இதுவரைக்கும் சிரித்தோம். இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன். இது எதிரணிக்குப் பதில் இல்லை. என்னைப் பற்றியது.

1993. எம்.ஏ. முடித்துவிட்டு, ஆய்வில் சேர்வதற்கு முன்னால், ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் ஒரு வருஷம் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். ஊர் பேர், பள்ளி பேர் எல்லாம் வேண்டாம். தப்பு என்னுடையது. 1987-ல் கரும்பலகைத் திட்டம் என்று மத்திய அரசு தொடங்கியது ஞாபகம் இருக்கலாம். ஆரம்பப் பள்ளிகளுக்கு அறை, ஆசிரியர், வரைபடம், புத்தகம் எல்லாம் கொடுக்கிற திட்டம். அந்த மாதிரி ஏதோ ஒன்றில் எங்க பள்ளிக்கும் ஒரு கட்டு வண்ணப் புத்தகங்கள் வந்திருந்தன. கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரியில் அடுக்கி, ரெண்டாம் வகுப்பு அறையில் வைத்திருந்தார்கள். தலைமையாசிரியர் சாவியை என் கையில் கொடுத்தார். “தம்பி, நீங்க எம்.ஏ. தமிழ். நூலகம் உங்க பொறுப்பு. 38 புத்தகம். ஒண்ணு கிழிஞ்சாலும் ஆடிட்டில் நம்ம சம்பளத்தில் பிடிப்பாங்க.” அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். நானும் பயந்தேன். சம்பளமே கொஞ்சம், அதில் பிடித்தால் என்ன மிஞ்சும்?

ரெண்டாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. மத்தியானம் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு நேரே அந்த அலமாரிக்கு முன்னால் வந்து நிற்கும். கண்ணாடிக்குப் பின்னால் முதலில் இருந்த புத்தகத்தின் அட்டையில் ஒரு யானை, குளத்துக்குள் தனியாக நிற்கும். அந்தப் பிள்ளை கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு பார்க்கும். முதல் வாரம் பார்த்தது. அப்புறம் பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கதை சொல்ல ஆரம்பித்தது. “இந்த யானை யாரையோ எதிர்பார்த்துக்கிட்டு நிக்குது. அதோட தம்பி சந்தைக்குப் போயிருக்கான். பொரி வாங்கிட்டு வருவான்.” மறுநாள் தம்பி வரவில்லை, மழை வந்தது. அதற்கு மறுநாள் குளத்து மீன் யானையிடம் காலைத் தூக்கச் சொன்னது, அதன் வீடு காலுக்கு அடியில் மாட்டிக்கொண்டதாம். ஒரே அட்டை. உள்ளே ஒரு பக்கம்கூட அந்தப் பிள்ளை பார்த்தது கிடையாது.

வகுப்பில் அதே பிள்ளைக்கு நான் போட்ட பேர் என்ன தெரியுமா? ‘வாய் திறக்காதது.’ கரும்பலகையில் எழுதி வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்ளும். கண்ணாடிக்கு முன்னால் கேட்டால் நம்ம எதிரணித் தலைவர் தோற்றுவிடுவார். நான் என்ன செய்தேன்? ஒரு நாள், “என்ன சத்தம் அங்கே?” என்று அதட்டினேன். ஒரு நாள் அதுவே கிட்டே வந்து கேட்டது: “சார், அந்த யானைப் புத்தகம் ஒரே ஒரு தடவை. இங்கேயே பார்த்துட்டு தந்துடுறேன்.” நான் சொன்னேன், “பரீட்சை முடியட்டும், பார்க்கலாம்.”

பொங்கல் முடிந்து பள்ளி திறந்தபோது அந்தப் பிள்ளை வரவில்லை. குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். வருஷா வருஷம் போகிறவர்கள்தான். பிள்ளை கொஞ்சம் பெரிசானதும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏப்ரலில் ஸ்டாக் சரிபார்க்க அலமாரியைத் திறந்தேன். பின்பக்கப் பலகை வழியாகக் கரையான் ஏறியிருந்தது. யானைப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். அட்டை அப்படியே இருக்கிறது, புத்தம் புதுசு. பிரித்தால் உள்ளே மண். ரெஜிஸ்டரில் எல்லாம் சரியாக இருந்தது ஐயா. வழங்கியது இல்லை, கிழிந்தது இல்லை, தொலைந்தது இல்லை. 38-க்கு 38. அந்த யானை ஏன் குளத்தில் நின்றது என்று புத்தகம் எழுதினவர் என்ன சொன்னாரோ, இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பிள்ளை சொன்ன கதைதான்.

(சற்று நேரம் அரங்கில் அமைதி)

என்னைப் போன்றவன் ஒருத்தன் இல்லை. பெரிய இடத்திலும் சாவி வைத்திருந்தார்கள். நியூயார்க் பொது நூலகம் தெரியுமில்லையா? அங்கே சிறுவர் பகுதியை உருவாக்கின ஆன் கரோல் மூர் என்ற அம்மையார் பெரிய சாதனைக்காரர். பிள்ளைகளுக்கு நூலகத்தில் தனி இடமும் கதை நேரமும் வேண்டும் என்று போராடினவர். அவருக்கே 1947-ல் வந்த ஒரு படக்கதை பிடிக்கவில்லை. தூங்கப் போகிற முயல் குட்டி, அறையில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் நிலாவுக்கும் ‘போய்வருகிறேன்’ சொல்கிற சின்னப் புத்தகம். இன்றைக்கு உலகம் முழுக்கத் தாய்மார் மடியில் இருக்கிறது. அந்த நூலகம் அதை வாங்கவே 1972 ஆகிவிட்டது. 25 வருஷம்! எவ்வளவு நல்லவர் கையில் இருந்தாலும் சாவி சாவிதான்.

அதே நூலகம் தன் 125-ஆம் ஆண்டையொட்டி, 2020-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. ஆரம்பித்த நாளிலிருந்து அதிகமான தடவை வீட்டுக்கு எடுத்துப் போகப்பட்ட புத்தகம் எது? ஷேக்ஸ்பியரா? இல்லை. எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962-ல் எழுதி வரைந்த ஒரு படக்கதை. பனி பெய்த காலையில் சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு வெளியே போகிற ஒரு சின்னப் பையன். 4,85,000 தடவைக்கு மேல்! அந்தப் பையன் கறுப்பினப் பையன். கதையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படத்தில் இருக்கிறது. அதுவரைக்கும் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் முகத்தையே புத்தகத்தில் பார்த்து வந்த எத்தனையோ பிள்ளைகள், ‘இது நான்’ என்று அந்தப் பக்கத்தைத் தொட்டிருப்பார்கள்! நம்ம பிள்ளைகளுக்கும் அந்தத் தொடுதல் வேண்டும். கூரை வீடு, குடத்தோடு அக்கா, ஆட்டுக்குட்டி, ரேஷன் கடை வரிசை... இதெல்லாம் படத்தில் வரவேண்டும். வரத் தொடங்கியும் இருக்கிறது. 1996-ல் சென்னையில் தொடங்கிய தூலிகா போன்ற பதிப்பகங்கள் நம்ம ஊர் முகங்களை வரைந்தன. பிரதம் புக்ஸ் 2015-லிருந்து படக்கதைகளை இணையத்தில் தமிழிலும் இலவசமாகவே விரித்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2023-ல் வாசிப்பு இயக்கம் வந்து, ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நாலு படியில் சின்னச் சின்னப் படப் புத்தகங்கள் கொடுத்தது. ஆகவே அண்ணன் சொன்ன ‘காசு இல்லை, புத்தகம் இல்லை’ என்பது இன்றைக்குப் பாதிதான் உண்மை. மீதிப் பாதி அலமாரியில் இருக்கிறது.

நம்ம சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். முதல் விதியே, புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான் என்பது. பழைய ஐரோப்பிய நூலகங்களில் புத்தகத்தைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த கதையையும் அதில் சொல்கிறார். கிழிந்தால் கிழியட்டும் ஐயா! கோந்து இருக்கிறது, ஒட்டிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கே அது நல்ல கைவேலை. நான் அப்போது படித்த எம்.ஏ.வில் இந்த விதி பாடமாக இல்லை. அதனால் தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு மனசு வரவில்லை.

நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். ஒரே ஒரு நிமிஷம்.

எங்க சனிக்கிழமைக் கதை நேரத்தில் ஒரு பையன். ரெண்டாம் வகுப்பு. அஞ்சு வாரம் வந்தான், வாயைத் திறக்கவில்லை. ‘பின்னாடி நரி’ என்று எல்லோரும் குதித்த அன்றைக்கும் உட்கார்ந்தபடியே இருந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. 1993-ல் கற்றுக்கொண்ட பாடம். ஆறாவது வாரம் நான் கொஞ்சம் தாமதமாகப் போகிறேன். பஸ் கிடைக்கவில்லை. உள்ளே சத்தமே இல்லை. நூலகர் அம்மா, ‘உஷ்’ என்று விரலைக் காட்டி என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எட்டிப் பார்க்கிறேன். என் முக்காலியில் அவன். கோழிப் புத்தகம், நான் பிடிக்கிற மாதிரியே, மற்ற பிள்ளைகள் முகத்துக்கு நேராக. அவனுக்குத் தமிழே இன்னும் எழுத்துக் கூட்ட வராது. அது ஆங்கிலப் புத்தகம். சொல்லிக்கொண்டிருக்கிறான்: “இந்த நரிக்கு ரெண்டு நாளா சாப்பாடு இல்லை. அதான் வந்துச்சு. அது கெட்ட நரி இல்லை.”

மூணாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஆங்கிலம் கொஞ்சம் வாசிக்கத் தெரிந்தவள், இடையில் புகுந்தாள். “ஏய், அப்படியெல்லாம் அதுல எழுதலை.”

அவன் புத்தகத்தை இன்னும் கொஞ்சம் அவள் பக்கமாகத் திருப்பினான். “எழுதல. வயித்தைப் பாரு, ஒட்டிப் போயிருக்கு.”

இருபது தலையும் குனிந்து நரியின் வயிற்றைப் பார்த்தது. இத்தனை நாள் அந்தப் புத்தகத்தைக் காட்டின நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். 

(நீண்ட கைதட்டல்)